‘அரசுக்குக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’: மாநில நிர்வாகத்தின் மொழி, முதல் முறை படிப்பவர்களுக்கு

பட்டா மேல்முறையீடு ஒன்றுக்காக முதல் தடவை ஆர்டிஓ ஆபீஸ் தேடிப் போனேன். ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் பத்துப் பதினைந்து பேர் பைக்கில் எட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். நான் போக வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், ஊரின் இன்னொரு மூலையில். ஆங்கிலத்தில் RTO, RDO என்று ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் கிடையாது, இரண்டுமே ஆர்டிஓ. ஆட்டோக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்றைக்கு அரை நாள் போனது. ஆனால் ஒன்று உறைத்தது. அரசு அலுவலகச் சொற்கள் நம்மை மிரட்டுவதற்காக வைத்தவை அல்ல. ஒவ்வொரு பதவிப் பெயரும் ஒரு படியைச் சொல்கிறது: இந்த மேசையில் இவ்வளவுதான் அதிகாரம், இதற்கு மேல் அடுத்த மேசை. எந்த மேசை முடிவு எடுக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். நான் சொல்லப்போவது தமிழ்நாட்டை வைத்து. பக்கத்து மாநிலம் போனால் அமைப்பு ஏறக்குறைய இதேதான், பெயர்கள் மட்டும் மாறும்.

கீழிருந்து ஆரம்பிப்போம்

பாடப்புத்தகம் ஆளுநரில் தொடங்கும். நமக்கு ஆளுநரிடம் வேலை வருவதில்லை, விஏஓவிடம்தான் வரும். அதனால் அங்கிருந்தே ஏறலாம்.

வருவாய்த் துறையின் கணக்கில் கடைசி அலகு வருவாய்க் கிராமம். அதற்குப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ. பரம்பரையாக வந்துகொண்டிருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒழித்த பிறகு வந்த பதவி இது. இப்போது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதி வருகிறார்கள். கிராமத்தில் எந்த நிலம் யாருடையது, நஞ்சையா புஞ்சையா, எது புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேடு, பசலிதோறும், அதாவது வருவாய்க் கணக்கின் ஆண்டுதோறும், என்ன பயிர் வைத்தார்கள் என்று சொல்லும் அடங்கல் இரண்டும் இவர் கையில் இருப்பவை.

சில கிராமங்கள் சேர்ந்தது குறுவட்டம்; பழைய ஆட்கள் பிர்கா என்பார்கள். அதற்கு வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்ஐ. சில குறுவட்டங்கள் சேர்ந்தது வட்டம், அதுதான் தாலுகா. அதன் தலைவர் வட்டாட்சியர். தாசில்தார் என்றால்தான் நம் வாயில் வருகிறது; ‘தாசில்’ என்றால் வசூல், ‘தார்’ என்றால் அந்தப் பொறுப்பை வைத்திருப்பவர். நிலவரி வசூலிக்க வந்த பதவி இன்று சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, வெள்ள நிவாரணம் என்று எல்லாவற்றையும் சுமக்கிறது. வட்டங்கள் சேர்ந்தது கோட்டம், கோட்டங்கள் சேர்ந்தது மாவட்டம். மொத்தம் 38 மாவட்டங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘விஏஓ பட்டா தரமாட்டேன் என்கிறார்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பட்டா தருவது விஏஓவின் அதிகாரமே இல்லை. அவர் விசாரித்து அறிக்கை தருகிறார். நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு எண் போடுகிறார். உத்தரவு வருவது வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து. அந்த உத்தரவு சரியில்லை என்றால் அதே அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேலே சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். நான் எட்டு போடும் மைதானத்தில் போய் நின்ற கதையின் பின்னணி இதுதான்.

சான்றிதழிலும் இப்படிப் படிகள் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்று மட்டும் கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்கப்படும். வட்டாட்சியர் மனது வைத்தாலும் கையெழுத்துப் போட முடியாது.

சில ஊர்களில் போர்டில் ‘வருவாய்க் கோட்டாட்சியர்’ என்றும் சில ஊர்களில் ‘சார் ஆட்சியர்’ என்றும் இருக்கும். வேலை ஒன்றுதான். அந்த நாற்காலியில் இளம் ஐஏஎஸ் அதிகாரி உட்கார்ந்தால் சார் ஆட்சியர். குரூப் 1 தேர்வு வழியாகவோ பதவி உயர்விலோ வந்த துணை ஆட்சியர் உட்கார்ந்தால் கோட்டாட்சியர். இதே மாதிரி ஏமாற்றும் இன்னொரு பெயர் ‘ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது)’. டைரி எழுதி, போன் எடுத்துத் தருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். துணை ஆட்சியர் நிலை அதிகாரி அவர். ஆட்சியர் அலுவலகத்தின் பெரும்பாலான பிரிவுகள் அவர் வழியாகத்தான் நகரும்.

ஆட்சியர் என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. வசூலிப்பவர் என்று பொருள்படும் கலெக்டர் என்ற பெயரைக் கம்பெனி ஆட்சி 1772லிருந்து வைத்திருந்தது. 1792ல் பாராமகால், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராய் நிலத்தை அளந்து, குடியானவரிடம் நேரடியாக வரி போடும் ரயத்துவாரி முறைக்கு வழி செய்தார்கள். இன்று நிலவரி அரசுக்குப் பெரிய வருமானமே இல்லை. ஆனால் சட்டம் ஒழுங்கு, பேரிடர், தேர்தல் என்று மாவட்டத்தில் எது நடந்தாலும் கடைசியில் அந்த ஒரு மேசைக்கே வந்து நிற்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் கையிலேயே மனு கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த மனு பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே சலித்துப்போன அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கே ‘நடவடிக்கைக்காக’ என்று திரும்பி வரும். அப்படியானால் வீணா? இல்லை. இப்போது அதற்கு ஓர் எண் இருக்கிறது, மேலே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது.

பசலி பற்றிச் சொல்லாமல் மேலே ஏற மனமில்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் வருவாய்க் கணக்கின் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை; அறுவடையை ஒட்டி அக்பர் காலத்தில் வந்த கணக்கு அது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. ஆண்டு முடிகிற சமயத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளை மேலதிகாரி வந்து தணிக்கை செய்வார். ஜமாபந்தி என்று அதற்குப் பெயர். அழைப்பிதழில் ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று போட்டிருக்கும். ஊர்க் கணக்கு மொத்தமும் ஒரே இடத்துக்கு வரும் அந்த நாட்களில் மனு கொடுத்தால் அங்கேயே பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வசதி உண்டு.

வட்டம் வேறு, வட்டாரம் வேறு

இன்னொரு ஏணி இதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. இது தேர்தலில் வந்தவர்களின் ஏணி. 1992ன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அதையொட்டிய 1994ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இரண்டும் இதற்கு அடிப்படை. ஒன்றியத்தின் அதிகாரி வட்டார வளர்ச்சி அலுவலர், சுருக்கமாகப் பிடிஓ. ஒரே ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓக்கள் இருப்பார்கள். ஒருவர் பெயருக்குப் பின்னால் வ.ஊ. என்றிருக்கும், வட்டார ஊராட்சி. இன்னொருவருக்குக் கி.ஊ., கிராம ஊராட்சிகள். உங்கள் தெருக்குழாய்ப் பிரச்சினைக்கு இரண்டாமவர்தான் ஆள்.

வட்டத்தின் எல்லையும் ஒன்றியத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வருவாய்க் கிராமமும் ஊராட்சியும்கூட அப்படியே. ஒரே தெருக்காரர் பட்டாவுக்கு ஓர் ஊருக்கும் வீட்டு வரிக்கு வேறோர் ஊருக்கும் போவதன் காரணம் இந்த இரட்டைக் கோடுகள்தான். நகர்ப்புறத்தில் ஊராட்சிக்குப் பதில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. பேரூராட்சிக்குச் செயல் அலுவலர், மற்ற இரண்டுக்கும் ஆணையர்.

சரி, இப்போது மின்வாரியத்துக்கு வாருங்கள். அங்கேயும் வட்டம், கோட்டம் உண்டு, ஆனால் தலைகீழாக. வருவாய்த் துறையில் கோட்டம் பெரியது, வட்டம் அதற்குள் அடக்கம். மின்வாரியம், பொதுப்பணி, நெடுஞ்சாலை மாதிரிப் பொறியாளர் துறைகளில் வட்டம் பெரியது, அதற்குக் கண்காணிப்புப் பொறியாளர்; அதற்குள் கோட்டம், அதற்குச் செயற்பொறியாளர்; அதற்குக் கீழே உபகோட்டம், உதவி செயற்பொறியாளர்; கடைசியில் பிரிவு, உதவிப் பொறியாளர். ஒரே சொல்லை இரண்டு அளவுக்கு வைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, மனதில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கல்வியோ தன் பங்குக்குக் ‘கல்வி மாவட்டம்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. மாவட்டம் என்று படித்தால் எந்தத் துறையின் மாவட்டம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலைக் குழிக்கும் இதே கதை. ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, மாவட்ட இதர சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை என்று வகை இருக்கிறது. முதல் இரண்டும் உள்ளாட்சியின் கையில், மற்றவை நெடுஞ்சாலைத் துறையின் கையில். எந்த வகை என்று கேட்காமல் மனு எழுதினால் ‘இது எங்கள் சாலை அல்ல’ என்ற பதில் இரண்டு பக்கமிருந்தும் வரும். இரண்டு பதிலும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும் என்பதுதான் எரிச்சல்.

‘அரசு’ என்றால் யார்?

நமக்கு விஏஓவும் அரசு, கலெக்டரும் அரசு, பஸ் கண்டக்டரும் அரசு. நிர்வாகத்தின் உள்ளே அப்படி இல்லை. அங்கே ‘அரசு’ என்று எழுதினால் அதற்கு ஒரே பொருள்: சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் அதன் வளாகத்தில் இருக்கும் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையிலும் இயங்கும் தலைமைச் செயலகம். மாவட்ட ஆட்சியரே ‘அரசுக்கு’க் கடிதம் எழுதுகிறவர்தான்.

செயலகத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள். இயக்குநர், ஆணையர் என்றெல்லாம் பெயர் வரும். வருவாய்த் துறைக்கு வருவாய் நிர்வாக ஆணையர், சேப்பாக்கம் எழிலகத்தில். இவர்கள் வேலையை நடத்துகிறவர்கள். செயலகம் கொள்கை வகுத்து ஆணை பிறப்பிக்கிற இடம். செயலாளர் வேறு, துறைத் தலைவர் வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் செய்தித்தாள் பாதி புரிந்துவிடும்.

இப்போது தலைப்புக்கு வரலாம். ‘தங்கள் கோரிக்கை தொடர்பாக அரசுக்குக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தால் அதன் பொருள் இது: இதைச் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை, செய்யலாமா என்று விவரம், செலவு, எங்கள் பரிந்துரை எல்லாம் சேர்த்து மேலே எழுதியிருக்கிறோம். கருத்துரு என்பது அந்த முன்மொழிவு. அது ஒப்புதல் இல்லை, மறுப்பும் இல்லை. அதோடு, ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் பெரும்பாலும் துறைத் தலைவர் வழியாகத்தான் போகும். இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

செயலகத்துக்குப் போன பிறகு அது ஒரு பிரிவுக்கு வரும். உதவிப் பிரிவு அலுவலர் கோப்பைத் திறந்து குறிப்பு எழுதுவார். கோப்பில் இரண்டு பாகம்: வந்த, போன கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பு ஒன்று, என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்திடும் குறிப்புக் கோப்பு இன்னொன்று. குறிப்பு பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணை அல்லது இணைச் செயலாளர் வழியாகச் செயலாளரிடம் ஏறும், தேவைப்பட்டால் அமைச்சரிடம், பெரிய விஷயமானால் முதலமைச்சரிடமும் அமைச்சரவையிடமும். எல்லாக் கோப்பும் எல்லாப் படியும் ஏறாது. எது எந்தப் படியில் முடியலாம் என்பதற்கு அலுவல் விதிகள் இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்டால் நிதித் துறையின் இசைவு வேண்டும், அங்கே கோப்பு தனியாக ஒரு சுற்று சுற்றும்.

அதிகாரிகளில் உச்சி தலைமைச் செயலாளர். முதன்மைச் செயலாளர், கூடுதல் தலைமைச் செயலாளர் என்பவை செயலாளர்களின் பதவி மூப்பைக் காட்டும் அடைமொழிகள். வெறும் செயலாளரோ இந்த இருவரில் ஒருவரோ, யார் இருந்தாலும் ஒரு துறையின் செயலாளர் நாற்காலி ஒன்றுதான். அமைச்சர்கள் எண்ணிக்கைக்கு 2003ன் 91ஆவது திருத்தம் வரம்பு வைத்தது: சட்டமன்ற உறுப்பினர்களில் 15 விழுக்காடு. 234 பேர் உள்ள நம் பேரவைக்கு முதலமைச்சரையும் சேர்த்து 35. சட்ட மேலவை 1986ல் ஒழிக்கப்பட்டதால் இங்கே அவை ஒன்றே ஒன்று.

ஆளுநர்? அரசியலமைப்பின் 166ஆவது பிரிவுப்படி மாநில அரசின் எல்லா நிர்வாக நடவடிக்கையும் அவர் பெயரில்தான் நடக்கிறது. பெயரில். அமைச்சரவையின் ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும் என்பதைச் சம்சேர் சிங் வழக்கில் 1974லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது, அரசியலமைப்பு தனியாகக் கொடுத்த சில இடங்கள் தவிர. அந்த ‘சில இடங்கள்’ எவை என்பதில்தான் தகராறு. மசோதாக்கள் நிலுவையில் நின்றது தொடர்பாகத் தமிழ்நாடு அரசு 2023ல் உச்ச நீதிமன்றம் போனதும் அதையொட்டித்தான்.

ஓர் அரசாணையைக் கையில் எடுத்தால்

ஜி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் அரசாணையை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே ‘சுருக்கம்’ என்று ஒரு பத்தி, முழு ஆணையின் சாரம் அதில் இருக்கும். அடுத்து துறையின் பெயர், ‘அரசாணை (நிலை) எண்’ என்று ஓர் எண், தேதி. தேதியில் தமிழ் வருடமும் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும்; 2024 என்றால் 2055. அடைப்புக்குறிக்குள் ‘நிலை’ என்றிருந்தால் கொள்கை சார்ந்தது, நீண்ட நாள் நிற்கக்கூடியது. ‘டி’ என்றிருந்தால் பெரும்பாலும் ஒரு தனி நேர்வுக்கானது, அன்றாட வகை.

அதற்குக் கீழே ‘படிக்கப்பட்டவை’ அல்லது ‘பார்வை’ என்று ஒரு பட்டியல். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முன்பு வந்த அரசாணைகள், துறைத் தலைவரின் கடித எண்கள், தேதிகள் எல்லாம் இங்கே இருக்கும். கருத்துரு எப்போது போனது, ஆணை எப்போது வந்தது, நடுவில் எத்தனை மாதம் என்று இந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ‘ஆணை’ என்று தொடங்கி எண்ணிட்ட பத்திகள். முன்பத்திகள் கதை சொல்லும். ‘அரசு கவனமுடன் பரிசீலித்து’ என்று வருகிற பத்தியில்தான் முடிவு இருக்கும். பணம் உண்டென்றால் எந்தக் கணக்குத் தலைப்பு என்று ஒரு பத்தி, ‘நிதித் துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது’ என்று ஒரு வரி. கடைசியில் ‘(ஆளுநரின் ஆணைப்படி)’, செயலாளர் பெயர், பெறுநர் பட்டியல். உங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அரசாணைக்கு மேலேயும் கீழேயும் ஆவணங்கள் உண்டு. சட்டம் பேரவை இயற்றுவது. விதிகள், அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு வகுப்பவை. அரசாணை இவற்றுக்குக் கட்டுப்பட்டது. சட்டத்துக்கு முரணான அரசாணை நீதிமன்றத்தில் நிற்காது. சுற்றறிக்கை கீழ் அலுவலகங்களுக்கான விளக்கம். ஆட்சியரோ இயக்குநரோ பிறப்பிப்பது ‘செயல்முறைகள்’. அரசிதழில் வெளியாவது அறிவிக்கை; பெயர் மாற்றிக்கொள்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

‘அறிவிப்பு’ என்ற சொல்லில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பேரவையில் அமைச்சர் அறிக்கை படிக்க இடம் தரும் 110ஆவது விதியின் கீழோ, துறைக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின் பதிலுரையிலோ ‘புதிய வட்டம் உருவாக்கப்படும்’ என்று ஓர் அறிவிப்பு வரும். ஊரில் வெடி வெடிப்பார்கள். அதற்கு அரசாணை வர வேண்டும், நிதி ஒப்பளிப்பு வர வேண்டும், பணியிடங்கள் தோற்றுவிக்கப்பட வேண்டும். கட்டட வேலை என்றால் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று இன்னொரு வரிசை. போன வருடத்து அறிவிப்பு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால், மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். தமிழில் இணையத்திலேயே கிடைக்கிறது. துறையின் அமைப்பு, பணம், பணியிடம் எல்லாம் அதில் இருக்கிறது; இத்தனை பயனுள்ள புத்தகத்தை இத்தனை பேர் படிக்காமல் விடுவது எனக்கு ஆச்சரியம்தான்.

செய்தியில் அடிபடும் சில சொற்கள்

‘பணியிடை நீக்கம்’ என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிழைப்பூதியம் உண்டு. வேலையே போவது ‘பணிநீக்கம்’. ஒரு துறையிலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கடனாகப் போவது அயற்பணி. ‘கூடுதல் பொறுப்பு’ என்றால் அந்த நாற்காலி காலி, பக்கத்து நாற்காலிக்காரர் சேர்த்துப் பார்க்கிறார். உங்கள் கோப்பு ஏன் நகரவில்லை என்பதற்கு நேர்மையான காரணம் பல நேரம் இந்த இரண்டு சொல்தான். ‘காத்திருப்போர் பட்டியல்’ என்றால் அதிகாரிக்கு அடுத்த நாற்காலி இன்னும் ஒதுக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கு உதவும் சொல் ஒன்று, எந்த அரசுக் கடிதத்தின் தலையிலும் இருப்பது: ந.க. எண். நடப்புக் கணக்கு எண் என்பதன் சுருக்கம். அதற்குப் பின்னால் ஆ3, இ1 என்று ஒரு குறி இருந்தால் அது எந்த இருக்கையில் கோப்பு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அலுவலகத்துக்குள் நுழைந்து ‘என் மனு என்ன ஆச்சு’ என்று கேட்பதற்கும், ‘ஆ3 இருக்கை எங்கே?’ என்று கேட்பதற்கும் கிடைக்கிற முகபாவமே வேறு.

கருத்துரு போய் மாதங்கள் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை என்றால் 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. கருத்துரு எந்த ந.க. எண்ணில், எந்தத் தேதியில் போனது? இன்றைய தேதியில் கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது? அதன் குறிப்புக் கோப்பின் நகல் வேண்டும். இவ்வளவு கேட்டால் போதும், ‘ஏன் தாமதம்’ என்று கேட்க வேண்டாம். அதற்குப் பதில் வராது. முப்பது நாளில் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆட்டோவில் போனால் இந்த வசதி கிடையாது.